ரீத்தாவை அளந்தவர்கள்

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில், முன்னொரு காலத்தில் பஞ்சு வியாபாரத் துரை ஒருவர் குடியிருந்துவிட்டுப் போன மாடி பங்களாவில், தென்கடல் மானிட வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருந்தது. இப்போது போய்த் தேடாதீர்கள் கண்ணுகளா, இல்லை. இருந்த காலத்தில் வெகு சீராக இருந்தது. வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள். உள்ளே மூன்று அறைகளில் மின்விசிறி. ஒரு ஜீப், அதற்கு ஒரு டிரைவர். டிரைவர் லீவு போட்ட நாளில் ஜீப் தூசி படியாமல் துடைக்கத் தனியாக ஓர் ஆள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மருந்து. ஒரு தலைவலி மாத்திரைகூட அந்தக் கட்டடத்துக்குள் கிடையாது. டைரக்டருக்குத் தலை வலித்தால் அட்டெண்டர் சொரிமுத்து எதிர்த்த பெட்டிக்கடைக்கு ஓடுவான்.

இதில் டைரக்டர் தேவபிரசாதத்துக்குப் பெருமைதான். நாசரேத்துக்காரர், எடின்பரோவில் படித்துவிட்டு வந்தவர். "ஆஸ்பத்திரிக்காரனுக்கு நோயாளி மேல கண்ணு. நமக்கு உண்மை மேல கண்ணு" என்பார். யார் வந்தாலும் என்பார்.

பிளாரன்ஸுக்கு இது எதுவும் தெரியாது. அவள் புன்னைக்காயலில் பிறந்து திரேஸ்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ரோச்சுக்குக் கொழும்புத் தோணியில் வேலை. வீட்டில் இருக்கிற நாளைவிடக் கடலில் இருக்கிற நாள் அதிகம். அவள் இறால் கம்பெனியில் தலை கிள்ளப் போவாள். ஒரே பிள்ளை ரீத்தா. சாய்ந்த சின்னக் கண்கள், அமுங்கிய மூக்கு, கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கிற நாக்கு. இரண்டு வயசாகியும் நடக்கவில்லை. ஆனால் சிரிக்கிற சிரிப்பில் குறைச்சல் கிடையாது. தெருவில் யார் போனாலும் அவர்கள் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். வட்டிக்காரனுடைய விரலைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்வாள்.

மற்றப் பிள்ளைகள் மாதிரி இல்லையே என்ற துக்கத்தைப் பிளாரன்ஸ் முதல் வருஷத்திலேயே அழுது முடித்துவிட்டாள். அவள் கவலை வேறு. பிள்ளைக்குப் பால் குடிக்கையில் நெற்றியெல்லாம் வேர்த்தது. தூங்கும்போதுகூட ஓடி வந்த மாதிரி இரைத்தது. நெஞ்சில் கை வைத்தால், மூடிய பெட்டிக்குள் சிட்டுக்குருவி கிடந்து அடிக்கிற மாதிரி இருந்தது. கோவில் டிஸ்பென்சரி சிஸ்டர்தான், "கடற்கரை ரோட்டுல பெரிய டாக்டர் வந்திருக்கிறாராமே, காட்டேன்" என்று அனுப்பினாள்.

முதல் நாள் டைரக்டர் பிள்ளையைத் தன் மேசைமேல் உட்கார வைத்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடினார். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் அவர் வழக்கம். மூடிய கண்ணோடு அவர் முகம் மலர்ந்தது.

"சிவசுப்பிரமணியன்! இங்க வாங்க. எல்லாரும் வாங்க."

புள்ளிவிவர அதிகாரி சிவசுப்பிரமணியன் வந்தார். டைப்பிஸ்ட் வந்தாள். டிரைவரும் வந்தான். வரிசையாக நின்று ஆளுக்கொரு தடவை குழாயைக் காதில் வைத்துக் கேட்டார்கள்.

"அருமையான முணுமுணுப்பு" என்றார் டைரக்டர். "இவ்வளவு சுத்தமா நான் எடின்பரோலகூடக் கேட்டதில்ல. அம்மா, உங்க குழந்தை மங்கோல் குழந்தை. தெரியுமா?"

"இல்ல சார். புன்னைக்காயல்ல பொறந்தவ" என்றாள் பிளாரன்ஸ்.

"அதோட இருதயத்துல ஒரு ஓட்டை இருக்கு."

அவள் பிள்ளையை மேசையிலிருந்து வாரி எடுத்தாள். "சேசுவே! அதுக்கு என்ன செய்ய சார்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். மாசாமாசம் கூட்டிட்டு வாங்க. நாங்க பார்த்துக்கறோம்."

பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு பெரிய டாக்டர் சொன்னால் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? அதையேதான் அவளும் நினைத்தாள். அன்றைக்கே சிவசுப்பிரமணியன் டேப்பை எடுத்துப் பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை நீட்டி அளந்தார். அதைப் பார்த்ததும் பிளாரன்ஸுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

ஏனென்று சொல்கிறேன். அந்தக் கரையில் பிள்ளைக்கு நோக்காடு கண்டால் தாய் ஒரு நூலை எடுத்து, பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை அளப்பாள். அந்த நூலையே திரியாகப் போட்டுப் பிள்ளை நீளத்துக்கு மெழுகுதிரி வார்த்து, மாதா கோவிலில் கொளுத்தி வைப்பாள். திரி எரிந்து இறங்க இறங்க நோவும் இறங்கும் என்ற நம்பிக்கையில் செய்கிற நேர்ச்சை. அளப்பதுதான் குணமாவதற்கு முதல் படி. அளந்துவிட்டுச் சும்மா இருக்கிற வழக்கம் அவள் பார்த்த உலகத்தில் எங்கேயும் இல்லை. இறால் கம்பெனியிலும் அப்படித்தான். பெரிசு சிறிசு பார்த்துப் பிரித்துவிட்டால் அடுத்து ஐஸ், அதற்கடுத்து கப்பல். ஆகையால் நாசரேத் டாக்டர் மாதாவைக் கும்பிடாத வேதக்காரராக இருந்தாலும் நல்ல மனுஷர், நம் முறைப்படியே ஆரம்பிக்கிறார் என்று அவள் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

மாசாமாசம் அளந்தார்கள். தலைச் சுற்றளவு, நெஞ்சுச் சுற்றளவு, காதின் உயரம், நாக்கின் நீளம். உள்ளங்கையில் மை தடவி ரேகை எடுத்தார்கள். கால் பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே உள்ள சந்தை அளக்க ஜெர்மனியிலிருந்து ஒரு கருவி வந்தது. வந்த பெட்டியை உடைப்பதற்கு முன்னால் ஜெபம் பண்ணி, ஃபோட்டோ பிடித்தார்கள். சந்து எத்தனை என்று பிளாரன்ஸ் கேட்டதற்கு, "அதை நாங்க வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றார் சிவசுப்பிரமணியன், பாங்கு மேனேஜர் மாதிரி.

ரீத்தாவுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. அங்கேதான் நடக்கப் பழகினாள். டைரக்டர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் உலாவினால், அவளும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, அதே மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் பின்னாலேயே போவாள். நாலு எட்டு வைப்பாள், மூச்சு வாங்கும், அப்படியே தரையில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி எழுந்து செருமுவாள். சொரிமுத்து சிரிப்பை அடக்கத் தூணுக்குப் பின்னால் போய் நிற்பான். "ஏ டைரக்டரம்மா, இன்னைக்கு ஜீப்பு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்பான். அவள் பெட்டிக்கடைப் பக்கம் கையைக் காட்டுவாள்.

அவளுக்கு நாலு வயசானபோது அறிவுப் பரிசோதனை வைத்தார்கள். சீமையிலிருந்து வந்த பட அட்டைகள். முதல் அட்டையில் வெள்ளை வெளேரென்று பனி கொட்டிக்கிடக்க, நீலப் போர்வை போர்த்திய ஒரு வெள்ளைக்காரி கையில் குழந்தையோடு நின்றாள்.

"இது என்ன?" என்றார் சிவசுப்பிரமணியன்.

ரீத்தா அட்டையைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கினாள். தரையில் முட்டி போட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதா" என்றாள்.

"தப்பு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்."

"சார்," என்றாள் பிளாரன்ஸ், "நீலமும் போத்தி, பிள்ளையும் வச்சுக்கிட்டு, பனியில நின்னா நாங்க வேற என்னன்னு சார் சொல்லுவோம்?"

"நீங்க பதில் சொல்லக் கூடாதும்மா. உங்க மார்க்கும் அதுல கலந்துரும்." அவர் டைப்பிஸ்டைப் பார்த்துச் சொன்னார்: "மனிதர்களை அடையாளம் காணவில்லை. பொருட்களைக் கண்டு அஞ்சி மண்டியிடுகிறது."

அடுத்த வருஷம் முழுக்க நிலையத்தில் வேறொரு பெரிய வேலை நடந்தது. மங்கோல் குழந்தை என்று சொல்வது மங்கோலிய தேசத்தாரின் மனசைப் புண்படுத்துகிறது, இனிமேல் டவுன் சின்ட்ரோம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் டைரக்டர் படித்துவிட்டார். படித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாசல் போர்டை அழித்து எழுதினார்கள். முத்திரைகளை மாற்றினார்கள். பழைய காகிதத்திலெல்லாம் பழைய சொல்லைத் தேடிப்பிடித்து அடிக்க இரண்டு பேரைப் புதிதாக வேலைக்கு வைத்தார்கள். பெயர்மாற்ற விழாவில் டைரக்டர் பேசினார்.

"எங்கோ கண்காணாத ஒரு தேசத்து ஜனங்கள். நாம் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்கள் நம்மைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் மனம் நோகுமே என்று நம் மனம் நோகிறதே, அதுதான் விஞ்ஞானியின் இருதயம்!"

கைதட்டினார்கள். முன்வரிசையில் பிளாரன்ஸ் மடியில் ரீத்தாவும் கைதட்டினாள். தட்டின கைகளைப் பிளாரன்ஸ் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம் பாரித்திருந்தது. உதடு, நாவற்பழம் தின்ற உதடு மாதிரி.

விழா முடிந்து சொரிமுத்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் தூணோரம் நின்று அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டியளே? எப்ப கொளுத்துவாவ?"

"என்னத்தக்கா?"

"அதான்... இத்தன அளவு எடுத்தாவல்லா. இனி என்ன செய்வாவ?"

"அடுத்த மாசமும் எடுப்பாவ."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு கோடு போடுவாவ. சதுரம் சதுரமா ஒரு தாளு இருக்கும், அதுல. கோடு ஏறுதா எறங்குதான்னு பாப்பாவ."

"எறங்கினா?"

"எறங்குதுன்னு எழுதுவாவ." சொரிமுத்து கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "எக்கா, ஒனக்கு இது தெரியாதா? இங்கன வைத்தியம் கெடையாது. வேலூர்ல நெஞ்சத் தொறந்து அடைக்காவளாம். இவுரு ஒரு வார்த்த எழுதினா அங்கன சேத்துக்கிடுவாவ. கேளு. நான் சொன்னேன்னு சொல்லிராத, பொண்டாட்டி பிள்ளைய இருக்கு."

பிளாரன்ஸ் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே டைரக்டர் அறைக்குள் போனாள். போட்டிருந்த மாலையை அவர் இன்னும் கழற்றவில்லை.

"சார், பிள்ளைக்கு வேலூருக்கு எழுதிக் குடுங்க சார்."

டைரக்டர் வருத்தத்தோடு சிரித்தார். "யாரும்மா உங்ககிட்ட இதெல்லாம் சொல்றது? இது கமிட்டி முடிவு பண்ற விஷயம்."

கமிட்டி கூடியது. முதல் கூட்டத்தில், இந்தக் கமிட்டிக்கு இதை முடிவு பண்ண அதிகாரம் உண்டா என்று விவாதித்தார்கள். அடுத்த கூட்டம் மழைக்காலத்துக்கு அப்புறம். அதில் பிளாரன்ஸையும் உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போதாததால் நிற்க வைத்தார்கள். சிவசுப்பிரமணியன்தான் முதலில் பேசினார்.

"உணர்ச்சிவசப்படாம யோசிக்கணும்மா. நம்மகிட்ட வர்ற குழந்தைகள்ல இருதயத்துல ஓட்டை இருக்கறது உங்க குழந்தைக்கு மட்டும்தான். அதையும் அடைச்சுட்டா நம்ம அட்டவணையில 'ஓட்டை உள்ளோர்'ங்கற பத்தியே காலியாயிடும்."

"அடைச்சா நல்லதுதான சார்?"

"குழந்தைக்கு நல்லது. பத்திக்கு?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தராவது சிரித்தால் வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். யாரும் சிரிக்கவில்லை.

டைரக்டர் இதமாகச் சொன்னார்: "நாங்க உங்க குழந்தையோட இயல்பான போக்கைத்தான் பின்தொடர்றோம். நடுவுல தலையிட்டா அது இயல்பான போக்கு இல்ல, தலையிட்ட போக்கு. தை மாசம் மாநாடு வருது. டெல்லிக்காரங்க வர்றாங்க. அதுவரைக்கும் பொறுங்க. மாநாட்டுக்கு அப்புறம் நானே என் கையால எழுதித் தரேன்."

என் கையால என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டு பொறுத்தாள் கண்ணுகளா. வேறு எதைப் பிடிப்பாள்?

மாநாடு பெரிய மண்டபத்தில் நடந்தது. விருந்தாளிகளுக்கு மக்ரூன், முந்திரிக்கொத்து, கழுத்தில் சங்குமாலை. மேடையேற மரப்படிகள் போட்டிருந்தார்கள். ரீத்தாவுக்கு நிலையத்துச் செலவில் வெள்ளைக் கவுன். அவள் கூட்டத்தைப் பார்த்து முன்வரிசைக்காரர்கள் விரலையெல்லாம் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள். "மிதமிஞ்சிய நட்புணர்வு, நோய்க்குறி" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். டைரக்டர் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய்ச் செருமினார். கீழேயிருந்து ரீத்தாவும் செருமினாள்.

"பெரியோர்களே, மேலை நாடுகளில் இத்தகைய குழந்தைகளுக்கு வைத்தியம் செய்து செய்து கெடுத்துவிட்டார்கள். கைபடாத இருதயம் இன்று உலகத்தில் அரிது. நம்மிடம் ஒன்று இருக்கிறது! இது முத்துக்குளித்துறை. முத்து என்பது என்ன? சிப்பிக்கு வந்த நோவு. அன்றைக்கு எவனாவது இரக்கப்பட்டுச் சிப்பிக்கு வைத்தியம் பார்த்திருந்தால், பாண்டியன் கழுத்தில் முத்து ஏறியிருக்குமா? சிலர் என்னிடம் கேட்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே, உங்களுக்கு மனசு இல்லையா என்று. நான் சொல்கிறேன்: மனசை அடக்கி அடக்கியே நான்கு வருஷம் பார்த்திருக்கிறேன். என் தியாகத்தை யார் அளப்பது?"

மண்டபம் அதிர்ந்தது. டெல்லிக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்போது குழந்தை படியேறி வரும். உதடுகளைக் கவனியுங்கள்."

ரீத்தா சந்தோஷமாகத்தான் ஏறினாள். டைரக்டர் மாதிரி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். உதடு நீலமாகி, நீலம் கறுப்பாயிற்று. உட்காரப் பார்த்தாள், சிவசுப்பிரமணியன் அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தினார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை. பின்வரிசைக்காரர்கள் சரியாகத் தெரியவில்லை என்று எழுந்து நின்றார்கள். ஃபோட்டோக்காரர் பல்பு மாற்றும்வரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார்.

பிளாரன்ஸ் எப்படி அத்தனை நாற்காலிகளையும் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "ஏலே, கைய எடுலே!" என்றாள். அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் சிவசுப்பிரமணியனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அம்மா, இன்னும் இரண்டு படிதான்!" என்றார் டைரக்டர் ஒலிபெருக்கியிலேயே.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் சொரிமுத்து ரிக்‌ஷாவைப் பிடித்து நிறுத்தியிருந்தான். கழுத்தில் கிடந்த தாலிச் சங்கிலியைக் கடைத்தெருவில் கொடுத்துவிட்டு, சிலுவையை மட்டும் நூலில் கோத்துப் போட்டுக்கொண்டு, அன்றைக்கே பிள்ளையோடு பஸ் ஏறினாள். யாருடைய கையெழுத்தும் இல்லாமல் வேலூர்க்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ப்பதற்கு எழுத்தே வேண்டியிருக்கவில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. பிள்ளையைப் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிளாரன்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஓட்டை வழியா அதிகப்படி ரத்தம் நுரையீரலுக்கே போய்ப் போய் அங்க இருக்கற குழாயெல்லாம் இறுகிப்போச்சும்மா. இனிமே ஓட்டையை அடைச்சா பிள்ளை தாங்காது. இருக்கற வரைக்கும் நல்லா வச்சுக்கலாம், அதுக்கு மருந்து தரேன். இரண்டு வயசுல, மூணு வயசுல வந்திருந்தா அடைச்சிருக்கலாம். இத்தனை நாளா யாருமே இவளைப் பார்க்கலையா?"

"பாத்தாவம்மா" என்றாள் பிளாரன்ஸ். "எல்லாரும் பாத்தாவ."

ஊர் திரும்பிய சில நாளில் ஜீப் வந்தது. திரேஸ்புரத்துச் சந்துக்குள் நுழைய முடியாமல் ரோட்டிலேயே நின்றது. டைரக்டரும் சிவசுப்பிரமணியனும் காயப்போட்ட கருவாட்டைத் தாண்டித் தாண்டி, மூக்கில் கைக்குட்டையோடு வந்து சேர்ந்தார்கள். ரீத்தா பாயில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு மாசம் விட்டுப்போச்சே" என்றார் டைரக்டர்.

"வேலூர் போனோம் சார்."

அவர் முகம் வெளிறியது. "ஆபரேஷன் ஆயிடுச்சா?"

"இல்ல. இனி பண்ண முடியாதுன்னுட்டாவ."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் டைரக்டர், நெஞ்சில் கை வைத்து. சொன்னது தன் காதிலேயே விழுந்ததோ என்னவோ, "அதாவது, பத்திரமா வந்து சேர்ந்தீங்களே" என்று சேர்த்துக்கொண்டார்.

பிளாரன்ஸ் பிள்ளையின் முதுகுத் தலையணையைச் சரிசெய்தாள்.

"ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறோம். இந்தக் கட்டத்துல முணுமுணுப்பு எப்படி இருக்குங்கறது ரொம்ப முக்கியம். அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம். அடுத்த மாசம்தான்."

அவர் கால்சட்டை மடிப்புக் கலையாமல் பாயோரம் மண்டியிட்டுக் குழாயை எடுத்தார். குழாயைக் கண்டதும், பழக்கம்தானே, ரீத்தா தானே கவுனைத் தூக்கி நெஞ்சைக் காட்டினாள். டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார். குளிர்ந்த அந்த வட்டத்தை அவர் கொண்டுபோய் வைப்பதற்குள், பிளாரன்ஸ் குனிந்து தன் கையை விரித்துப் பிள்ளையின் நெஞ்சின்மேல் வைத்தாள். இறால் முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன கை. வட்டம் அவள் புறங்கையில் வந்து உட்கார்ந்தது.

சிவசுப்பிரமணியன் பார்த்தார். வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

டைரக்டர் கேட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

"ஆச்சரியம்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஒண்ணுமே கேட்கலையே!"

"கேக்காது சார்" என்றாள் பிளாரன்ஸ். "இனி ஒங்களுக்குக் கேக்காது."